புகையைப் புழுதி என்று எழுதியவர்கள்

காலை ஏழரை மணிக்கு அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோதே இரண்டும் திரையில் தெரிந்தன. மேற்கே வற்றிப்போன ஏரிப் படுகையிலிருந்து காற்று வாரிக்கொண்டு வந்த புழுதி ஒன்று. வடக்கே மலைச்சரிவில் கிளம்பித் தெற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்த புகை இன்னொன்று.

செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்பும். அதில் எது மேகம், எது புழுதி, எது புகை என்று பிரித்துக் கோடு போட்டு, அது எந்த ஊர்ப் பக்கம் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று சொல்வது அவள் வேலை. பதினான்கு வருஷமாக அந்த வானிலை அலுவலகத்தில் அதைத்தான் செய்கிறாள். எப்போதும் மேலேயிருந்தே பார்க்கிறவள் என்பதால் அங்கே அவளுக்குக் கழுகு என்று பேர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு அவளே அந்தப் பேரில் போனை எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

புழுதியையும் புகையையும் பிரிப்பது வெளியாட்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. புழுதிக்கென்றே ஒரு படம் உண்டு. அதில் புழுதி இருக்கும் இடமெல்லாம் ரோஸ் நிறத்தில் ஜொலிக்கும். புகை அதில் அநேகமாகத் தெரியவே தெரியாது. புகையைப் பிடிக்கச் சாதாரண வெளிச்சப் படம் வேண்டும். வெயில் சாய்வாக விழும் காலையிலும் மாலையிலும் அது நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில், ஒரு புள்ளியில் தொடங்கிப் போகப் போக அகலமாகி, கசங்கிய துப்பட்டாபோல நீண்டு கிடக்கும். அந்தப் புள்ளியில் எரிகிறதா என்று பார்க்க வெப்பப் படம். எரிந்தால் சிவப்புக் கட்டம் விழும்.

அன்று ஏழரைக்கு ஏழு கட்டங்கள் இருந்தன. எட்டரைக்குப் பத்தொன்பது.

அது யார் வைத்த தீ என்று ஊருக்கே தெரியும். மலைச்சரிவில் புதரை எரித்துச் சுத்தம் செய்யும் அரசுத் திட்டம். அமைச்சர் கையாலேயே முதல் பந்தத்தைப் பற்றவைத்தார். பேர் என்னவோ 'கட்டுப்பாட்டுத் தீ'. அது மூன்று மாதமாக யார் கட்டுப்பாட்டிலும் இல்லை.

அவள் எழுதி அனுப்பினாள்: 'தெற்கு நெடுஞ்சாலைப் பகுதி. காலை ஒன்பது மணி வரை புழுதி. அதன்பின் மாலை வரை அடர்ந்த புகை.'

ஒன்பது மணிக்கு அறிக்கை வெளியானது: 'தெற்கு நெடுஞ்சாலைப் பகுதி. மாலை வரை புழுதி.'

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு எதிர் மேசைக் கிளார்க்கைப் பார்த்தாள். அறிக்கையை இணையத்தில் ஏற்றுவது அவர்தான். கனத்த மனிதர். நாற்காலியைத் திருப்பாமல், கழுத்தை மட்டும் திருப்பினார்.

"என்னை முறைக்காதீங்கம்மா. நான் வெறும் லிஃப்ட். உள்ள ஏறினதை மேல கொண்டுபோய் விடுறேன்."

இயக்குநரின் அறைக்குப் போனாள். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. எதிரே ஆள் வந்து நின்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். எதிரில் நிற்பவர் மங்கலாகத் தெரிந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும் போலிருக்கிறது.

"சார், புகைன்னு எழுதினேன். புழுதின்னு வந்திருக்கு."

"புழுதி இல்லைன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"ஒன்பது மணி வரைக்கும் இருந்துச்சு. இப்ப கடந்து கிழக்கே போயிருச்சு. புழுதிப் படத்துல அந்தப் பக்கம் ரோஸே இல்ல சார். இப்ப அங்க நிக்கிறது முழுக்கப் புகை."

"இருந்துச்சில்ல? அப்ப நாம பொய் எழுதல."

"சார், புகைன்னு போட்டா வெளி வேலையை நிறுத்தணும், பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை மைதானத்துக்கு விடக்கூடாது. புழுதின்னா மூக்குல ஒரு துணியைக் கட்டிக்கிட்டு வேலையைப் பாருன்னு அர்த்தம். துணி புகையை நிறுத்துமா?"

அவர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "புகைன்னு போட்டா அடுத்த கேள்வி என்ன வரும்? யார் வச்ச தீன்னு வரும். அதுக்குப் பதில் சொல்ற இடத்துல நாம இல்ல. புழுதின்னா காத்து மேல போட்டுட்டுப் போயிடலாம். காத்து வந்து நம்மகிட்ட சண்டை போடாது. போங்கம்மா, வேலையைப் பாருங்க."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். இது முதல் தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்பாள், முணுமுணுத்துக்கொண்டே வருவாள், டீயைக் குடிப்பாள், அடுத்த படத்தைத் திறப்பாள். அவள் கோபத்துக்கு அலுவலகமே பழகிப்போயிருந்தது. அவளும்தான்.

பத்து இருபத்தைந்துக்குத் தம்பி போன் செய்தான். அவன் நெடுஞ்சாலையில் தார் போடும் கும்பலுக்கு மேஸ்திரி. பதினான்கு பேர் அவன் கையில் வேலை செய்கிறார்கள். வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவன்.

"அக்கா, இங்க இது என்னக்கா? கரி வாசனை அடிக்குது. கண்ணைத் திறக்க முடியல. புழுதின்னு போட்டிருக்கீங்க."

"புகைடா. மலைப்பக்கமிருந்து நேரா உங்க தலைமேல வருது. வேலையை நிறுத்து."

"நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். காண்ட்ராக்டர் போனை எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டுறான். 'பாரு, உங்கக்கா ஆபீசுதானே போட்டிருக்கு, புழுதின்னு. துணியைக் கட்டிக்கிட்டு ஆளுங்களை இறக்கு'ங்கிறான். சீட்டிக்கு மூச்சு வாங்குதுக்கா."

சீட்டி அந்தக் கும்பலில் மூத்த ஆள். சுடச்சுடக் கொட்டிய தாரை நீளக் கட்டையால் இழுத்துச் சமன் செய்வதில் அவனை அடிக்க ஆளில்லை. வேலை முழுக்கச் சீட்டி அடித்துக்கொண்டே இருப்பான். அதனால் அந்தப் பேர். தம்பி வீட்டு விசேஷம் எதுவும் அவன் இல்லாமல் நடந்ததில்லை.

"நான் சொல்றேன்டா, நிறுத்து."

"நீ சொன்னா நிக்காதுக்கா. அதுல வரணும்."

"இரு. மாத்த வைக்கிறேன்."

மறுபடி இயக்குநர் அறைக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே கூட்டம், யாரையும் விடக்கூடாது என்றார் வாசலில் இருந்த உதவியாளர். அவசரம் என்றாள். எல்லாருக்கும் அவசரம்தான் மேடம் என்றார் அவர். சுவரோரம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். கதவுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ நல்ல ஜோக் சொல்லியிருக்க வேண்டும்.

ஐம்பது நிமிடம் அப்படிக் காத்திருந்தாள். பின்னாளில் அவளால் தன்னையே மன்னிக்க முடியாமல் போனது இந்த ஐம்பது நிமிடத்துக்காகத்தான். பணி விதிகளில் ஒரு வரி இருக்கிறது: அறிக்கையில் பிழை கண்டால், பணியில் இருக்கும் ஆய்வாளர் யாரையும் கேட்காமல் உடனே திருத்தம் வெளியிடலாம். அவளுக்கு அது மனப்பாடம். புதிதாக வருபவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது அவளே வாசித்துக் காட்டியிருக்கிறாள். இருந்தும் சாத்திய கதவுக்கு முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைமாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்று இருபதுக்குத் தம்பி மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

"சீட்டி விழுந்துட்டான். உதடெல்லாம் நீலமாயிருச்சு. ஆம்புலன்ஸ்ல இருக்கோம்."

பின்னால் சைரன் அலறும் சத்தம். இணைப்பு அறுந்தது.

அவள் எழுந்து கதவைத் தட்டவில்லை. நேராகத் தன் மேசைக்கு வந்தாள். நின்றபடியே தட்டினாள்: 'திருத்தம். தெற்கு நெடுஞ்சாலைப் பகுதியில் இருப்பது புகை. மலைச்சரிவில் எரியும் தீயிலிருந்து வருகிறது. வெளி வேலைகளை உடனே நிறுத்தவும்.' கீழே தன் பேரையும் பதவியையும் போட்டாள். கிளார்க்குக்கு அனுப்பிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

அவர் படித்தார். "சார் கையெழுத்து?"

"என் கையெழுத்து போதும். விதி இருக்கு."

"விதி இருக்கும்மா. எனக்கு ரிட்டயராக எட்டு மாசமும் இருக்கு."

"அப்ப எழுந்து போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் ஏத்திக்கிறேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே என்ன கண்டாரோ, மேசையில் கையை ஊன்றி எழுந்தார். "பாஸ்வேர்டு போட்டுத்தான் இருக்கு. நான் டாய்லெட்டுக்குப் போயிருந்தேன். வயசாச்சுன்னா நேரமாகும்."

பதினொன்று முப்பத்திரண்டுக்குத் திருத்தம் வெளியானது. அரை மணி நேரத்துக்குள் பள்ளிக்கூடங்கள் மைதானத்திலிருந்த பிள்ளைகளை உள்ளே அழைத்தன. நெடுஞ்சாலையில் ஆறு இடங்களில் வேலை நின்றது. அதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். இயக்குநர் கையில் போனோடு வேகமாக உள்ளே வந்தார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"யாரையும் கேட்கல."

"மேலேருந்து போன் வந்துக்கிட்டே இருக்கு. நான் என்ன பதில் சொல்றது?"

"இருக்கிறதைச் சொல்லுங்க. அங்க ஒரு ஆளு மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கான். உங்க அறைக்கு வெளியில ஐம்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன் சார். உள்ள சிரிச்சுக்கிட்டிருந்தீங்க."

"பேச்சை அளந்து பேசுங்க."

"எதுக்கு அளக்கணும்? ஊரார் கண்ணுல மண்ணைத் தூவணும்னா கையில கொஞ்சம் மண்ணாவது அள்ளணும். நீங்க அதுகூட அள்ளல. மண்ணுன்னு எழுதியே வேலையை முடிச்சுட்டீங்க!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டாய்லெட்டிலிருந்து திரும்பிய கிளார்க் வாசலிலேயே நின்று, மறுபடி டாய்லெட் பக்கம் நடந்தார்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தம்பி நின்றுகொண்டிருந்தான். மினுங்கும் பட்டை ஒட்டிய சட்டை, தார் ஒட்டிய பூட்ஸ். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு.

"வா. வானத்துலேருந்து இறங்கி வந்துட்டியா?"

"எப்படிடா இருக்கான்?"

"குழாய் வச்சிருக்காங்க. தானா மூச்சு விடல."

"திருத்தம் போட்டுட்டேன்டா."

"எப்ப?"

"பதினொண்ணு முப்பத்திரண்டு."

"அவன் விழுந்தது பதினொண்ணு பத்து."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சின்ன வயதிலிருந்து அவன் திட்டுவதும் அவள் இரண்டு மடங்கு திருப்பித் திட்டுவதும் வழக்கம்தான். அன்றைக்கு அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

சற்று நேரத்தில் சீட்டியின் மனைவி வந்தாள். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை. அந்த நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தாள். டாக்டரிடம் பேசிவிட்டு வந்தவள் அழவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்த புருஷனை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தம்பியோடு நின்றவள் பக்கம் திரும்பினாள்.

"மேஸ்திரியோட அக்காதானே நீங்க? படம் பாத்துச் சொல்றவங்க?"

"ஆமாம்மா."

"போன மாசமும் ரெண்டு நாள் இப்படித்தான் இருமிக்கிட்டு வந்தாரு. பன்னெண்டு, பதிமூணு தேதி. ராத்திரியெல்லாம் உட்கார்ந்தே இருந்தாரு. நான் போன்ல எடுத்துப் பாத்தேன், புழுதின்னு போட்டிருந்துச்சு. புழுதிதானே, வெந்நீர் குடிச்சா சரியாப் போயிடும்னு மறுநாளும் அனுப்பி வச்சேன். அதுவும் புழுதி இல்லையா?"

"பாத்துச் சொல்றேன்" என்றாள்.

"பாருங்க" என்றாள் அந்தப் பெண். "எனக்குத் தெரியணும்."

மறுநாள் அலுவலகத்தில் ஓலை தயாராக இருந்தது. மேலதிகாரியின் அனுமதியின்றி அறிக்கை வெளியிட்டது, தகாத வார்த்தை பேசியது. விசாரணைக் குழு அமைக்கப்படும். அது முடியும்வரை அவள் படத்திரையில் உட்காரக்கூடாது. கீழ்த்தளத்தில் பழைய பதிவுகள் வைத்திருக்கும் அறையில் உட்கார வேண்டும்.

ஆத்திரத்தில் இயக்குநர் செய்த ஒரே முட்டாள்தனம் அது. அந்த அறையில்தான் எல்லாம் இருந்தது. எட்டு வருஷத்துப் படங்கள், ஒவ்வொரு படத்திலும் ஆய்வாளர் போட்ட கோடு, எழுதி அனுப்பிய வாசகம், கடைசியில் வெளியான அறிக்கை. நிமிஷம் தப்பாமல் பதிவாகியிருந்தது. ஜன்னல் கிடையாது, மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை முனகியது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு தீ வைத்த முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள்.

ஆறு நாள் பார்த்தாள். சீட்டி விழுந்த நாளை விட்டுவிட்டு, அந்த மூன்று மாதத்தில் ஆய்வாளர் புகை என்று எழுதி, வெளியே புழுதி என்று வந்த நாட்கள் ஒன்பது. படங்களையும் அறிக்கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு நாளில் புழுதிப் படத்தில் நானூறு கிலோமீட்டருக்கு ஒரு துளி ரோஸ் இல்லை. அன்றைக்கும் புழுதி. நெடுஞ்சாலையோரம் காற்றை அளக்க வைத்திருந்த கருவி பழுதாகி எட்டு மாதம், யாரும் சரிபார்க்கவில்லை. தரையிலிருந்து பார்க்கும் கண்ணைக் குத்தியாயிற்று, வானத்திலிருந்து பார்க்கும் வாயைப் பொத்தியாயிற்று. அப்புறம் எதற்கு இந்த அலுவலகம், எதற்கு இத்தனை பேர், எதற்கு அந்தக் கோடிக்கணக்கான ரூபாய்ச் செயற்கைக்கோள் என்று தனி அறையில் அவள் வாய்விட்டே கேட்டாள்.

ஒன்பது நாட்களில் பணியில் இருந்தவர் யார் என்றும் பார்த்தாள். ஐந்து நாள் வேறு ஆட்கள். நான்கு நாள் அவள். பன்னிரண்டாம் தேதியும் பதின்மூன்றாம் தேதியும் அவற்றில் இருந்தன. அந்த இரண்டு நாளும் புகையை அவளே அழகாகக் கோடு போட்டு வளைத்திருந்தாள். புழுதி என்று வெளியானதும் அடியில் 'பார்த்தேன்' என்று ஒப்பமும் போட்டிருந்தாள்.

அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் திரையை ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறையவில்லை. ஒன்பது நாட்களையும் அச்செடுத்தாள், அந்த நான்கையும் சேர்த்துத்தான்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். வேறு துறையிலிருந்து வந்த ஓர் அம்மையார் தலைவர். ஒரு வக்கீல். ஓய்வுபெற்ற வானிலையாளர் ஒருவர். இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தபடியே ஆரம்பித்தார். அன்று புழுதியும் புகையும் கலந்திருந்தன என்றார். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்து இது அது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். அனுபவம் உள்ளவர்களுக்கு இது தெரியும் என்றார்.

அவள் எழுந்து படங்களைச் சுவரில் காட்டினாள். ஏழரை மணி, எட்டரை, ஒன்பது, பத்து. ரோஸ் நிறம் நெடுஞ்சாலையைத் தாண்டிக் கிழக்கே நகர்ந்து போனது. அது போன இடத்தில் சாம்பல் நீலம் வந்து படுத்தது. பக்கத்தில் வெப்பப் படத்தின் சிவப்புக் கட்டங்கள், பத்து மணிக்கு முப்பத்தொன்று.

"மேடம், உங்களுக்கு இந்தப் படம் பழக்கமில்ல. நீங்களே சொல்லுங்க, பத்து மணிக்கு நெடுஞ்சாலை மேல ரோஸ் இருக்கா?"

தலைவர் முன்னால் சாய்ந்து பார்த்தார். "இல்லையே."

ஓய்வுபெற்ற வானிலையாளர் தொண்டையைச் செருமினார். "இதுல குழப்பிக்க ஒண்ணுமில்ல. இது புகைதான்."

பிறகு அவள் ஒன்பது நாட்களின் காகிதக் கட்டை மேசையில் வைத்தாள். தலைவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுவில் கை நின்றது.

"இதுல நாலு நாள் உங்க கையெழுத்து இருக்கே."

"ஆமா மேடம்."

"அப்பல்லாம் ஏன் திருத்தம் போடல? விதி அப்பவும் இருந்துச்சே?"

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போய்க் கேட்டேன். முடியாதுன்னாங்க. திரும்பி வந்து டீ குடிச்சேன்" என்றாள். "யாரும் என்னை மிரட்டல மேடம். கழுத்துல கத்தி வைக்கல. பழகிப்போச்சு, அவ்வளவுதான். என் தம்பி அந்த ரோட்டுல நிக்கலைன்னா, அன்னைக்கும் டீதான் குடிச்சிருப்பேன். அதையும் எழுதிக்குங்க. ஆனா என்னை எழுதிட்டு மத்ததை விட்டுடாதீங்க. வாசகத்தை மாத்தினது யாரு, மாத்தச் சொல்லி மேலேருந்து கூப்பிட்டது யாரு, எரிச்சது யாரு, எல்லாத்தையும் எழுதுங்க."

எழுதிக்கொள்கிறோம் என்றார் தலைவர்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. பதினாறு பக்க அறிக்கையில் 'தகவல் தொடர்பில் ஏற்பட்ட குறைபாடு' என்ற சொற்றொடர் பதினொரு தடவை வந்தது. அவள் எண்ணிப் பார்த்தாள். தீ என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. இயக்குநரைப் பதவியோ சம்பளமோ குறையாமல் பயிற்சி நிலையத்துக்கு மாற்றினார்கள். பூங்கொத்துக் கொடுத்து வழியனுப்பினார்கள். அவளுக்குக் கண்டனம், ஒரு வருஷம் பதவி உயர்வு கிடையாது. ஆனால் படத்திரைக்குத் திரும்பலாம். இனி ஆய்வாளர் கோடு போட்ட படம் அப்படியே அறிக்கையோடு வெளியாகும், யாரும் அதில் கை வைக்கக்கூடாது என்று ஓய்வுபெற்ற வானிலையாளர் அடம்பிடித்துச் சேர்த்த ஒரு வரி மட்டும் பிழைத்திருந்தது.

"கிடைச்சதை எடுத்துக்கம்மா" என்றார் கிளார்க்.

"எடுத்துக்கிறேன். போதும்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

தம்பி இந்த இரண்டு மாதமும் அவளோடு சரியாகப் பேசவில்லை. கேட்டால் 'ம்' என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளே அவன் வீட்டுக்குப் போனாள்.

"சீட்டி வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போடா."

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு. பாத்துச் சொல்றேன்னேன். இன்னும் சொல்லல."

அவன் வண்டியை எடுத்தான்.

மூன்றாவது மாடி. சீட்டி வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகியிருந்தது. ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தான். மூக்கில் குழாய், காலடியில் ஆக்சிஜன் இயந்திரம் புஸ் புஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் படி இறங்கவில்லையாம். தாருக்குப் பக்கத்தில் இனி போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேஸ்திரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உதட்டைக் குவித்தான்; காற்று மட்டும்தான் வந்தது. தம்பி வேறு பக்கம் பார்த்தான்.

மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

அவள் நின்றபடியே சொன்னாள். "நீங்க கேட்டீங்க. அந்தப் பன்னெண்டும் பதிமூணும். ரெண்டு நாளும் புகைதான். எனக்கு அன்னைக்கே தெரியும். பணியில இருந்தது நான்தான். மாத்தி எழுதினாங்க. நான் விட்டுட்டேன்."

அந்தப் பெண் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தெரிஞ்சே விட்டீங்களா?"

"ஆமா."

"வெந்நீர் போட்டுக் குடுத்து அனுப்பினேனே" என்றாள் அவள், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு குரல் உயர்ந்தது. "நான் என் கையால அனுப்பினேனே! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சரியா இருந்திருந்தா வீட்டுல படுக்க வச்சிருப்பேனே! படிச்சவங்கதானே நீங்கல்லாம்? மிஷின் வச்சிருக்கீங்கதானே?"

தம்பி இடையில் வருவான் என்று அவள் ஒரு கணம் எதிர்பார்த்தாள். அவன் வரவில்லை, வராதது சரிதான் என்றும் பட்டது.

அந்தப் பெண் உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம். கோடு போட்ட நோட்டும் பேனாவுமாகத் திரும்பி வந்து அவள் கையில் திணித்தாள்.

"எழுதிக் குடுங்க. இப்ப சொன்னதை அப்படியே."

அவள் தரையில் உட்கார்ந்து எழுதினாள். தேதி, படம் வந்த நேரம், புகை எந்த இடத்திலிருந்து கிளம்பி எந்த இடத்தில் நின்றது, தான் எழுதியது என்ன, வெளியானது என்ன. இரண்டு நாளுக்கும் தனித்தனியாக. அப்புறம் அன்றைய நாளுக்கும். கடைசியில் ஐம்பது நிமிடம் காத்திருந்ததையும் எழுதினாள். சீட்டி மூச்சைச் சேர்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான், "நிதானமா எழுதுங்க. எனக்கு வேற வேலை இல்ல." அவனே அதற்குச் சிரித்து, இருமல் வந்து நிறுத்தினான்.

மனைவி வாங்கிப் படித்தாள். விரலை ஓர் இடத்தில் வைத்தாள்.

"'மாற்றப்பட்டது'ன்னு இருக்கு. யாரு மாத்தினதுன்னு இல்லையே."

அவள் நோட்டைத் திரும்ப வாங்கினாள். இயக்குநரின் பேரை முழுசாக எழுதினாள், பதவியோடு. அதற்குக் கீழே, 'தெரிந்தும் திருத்தாதவர்' என்று எழுதித் தன் பேரைப் போட்டாள். கையெழுத்திட்டாள்.

அந்தப் பெண் காகிதத்தைக் கிழித்து நான்காக மடித்தாள். டீ வேண்டுமா என்று கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். "போயிட்டு வாங்க" என்றாள். அவர்கள் வெளியே வந்ததும் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

இரண்டு மாடி இறங்கி, முதல் மாடியில் தம்பி நின்றான்.

"செவ்வாய்க்கிழமை வக்கீலைப் பாக்கப் போறோம். கும்பல்ல எல்லாரும் வர்றாங்க. அமைச்சர் பேரையும் சேர்க்கணும்னு சொல்றாங்க."

"சேத்துக்குங்க."

"நீ எழுதிக் குடுத்ததை வச்சு முதல்ல உன்னைத்தான் இழுப்பாங்க."

"இழுக்கட்டும்டா."

அவன் படிக்கட்டுக் கைப்பிடியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அவள்மீதா, அவர்கள்மீதா, யார்மீது அந்தக் கோபம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

"பத்து மணிக்கு வீட்டு வாசல்ல நில்லு" என்றான். "படமெல்லாம் எடுத்துக்கிட்டு வா. ஒண்ணு விடாம."